நடு வகிடு

க்ளூன்ஸ் ஊரின் குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கவுன் இருந்தது. அது லெமுவல் க்ராப்பின் போட்டோ ஸ்டுடியோவில், உடை மாற்றும் தட்டிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி. தோள் தெரிகிற மாதிரி அகலக் கழுத்து, இடுப்பில் பட்டை. முதுகுப்பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெட்டி விடப்பட்டிருக்கும். ஒல்லிப் பிள்ளை வந்தால் பின்னால் இழுத்து ஊசி குத்துவார்கள். குண்டுப் பிள்ளை வந்தால் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். காமிரா முன்பக்கத்தைத்தான் பார்க்கும். பின்பக்கத்தைப் பற்றி எந்தக் குடும்பமும் இதுவரை கவலைப்பட்டதில்லை.

சுரங்கக்காரர் பிள்ளையும் சரி, சாராயக்கடைக்காரர் பிள்ளையும் சரி, அந்தக் கவுனுக்குள் புகுந்து, ஏரியும் மாளிகையும் தீட்டிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்து நிம்மதி அடையும்படியான ஒரு பிள்ளையாக வெளியே வரும். க்ளூன்ஸில் ஏரி கிடையாது. மாளிகையும் கிடையாது. தங்கச் சுரங்கமும், கல்லை இடிக்கும் இயந்திரமும், காற்றும்தான் உண்டு. இயந்திரம் இடிக்கும்போது ஸ்டுடியோத் தரை லேசாக நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயந்திரம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துக்கொள்வது பாவம் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

ஐந்து வயது ஆகும்வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் கவுன்தான். அதன் பிறகுதான் பையனுக்குக் கால்சட்டை. அதுவரை எது பையன், எது பெண் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு இருந்தது. பெண்ணுக்கு வகிடு நடுவில், பையனுக்குப் பக்கத்தில். வேதாகமத்தைப் பற்றி ஊரின் மூன்று சபைகளும் தெருவில் நின்று சண்டை போட்டிருக்கின்றன. வகிட்டைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை.

1874 ஆகஸ்டில், பூமியின் தென்பாதியில் இருந்த அந்த ஊருக்கு அது குளிர்காலம், நல்ல குளிர்நாள் ஒன்றில், திர்சா ட்ரெவின் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கறுப்பு உடை, அதுவும் வேறு நிறத்திலிருந்து அவசரமாகச் சாயம் தோய்த்த கறுப்பு. கையில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு படம். க்ராப் எழுந்து நின்றார். போன மாதம் தொண்டை அடைப்பான் நோய் வந்து அவளுடைய மகள் டாம்சின் இறந்துபோனது அவருக்குத் தெரியும். அந்த மாதத்தில் அவர் எந்தக் குழந்தையையும் படம் எடுக்கவில்லை. ஊரில் யாரும் பிள்ளையை வெளியே விடவில்லை.

"மிஸ்டர் க்ராப், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

இப்படி ஆரம்பித்த பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்து க்ராப் பார்த்ததில்லை. "கேளுங்கம்மா" என்றார்.

அவள் படத்தை மேசைமேல் வைத்தாள். கட்டம் போட்ட கவுன். கவுனுக்குக் கீழே சரிகை வைத்த வெள்ளைக் காற்சராய் எட்டிப் பார்க்கிறது. பொத்தான் வைத்த பூட்ஸ். இரண்டு பக்கமும் சுருள் சுருளாகக் கூந்தல். பக்க வகிடு. வட்டமான பெரிய கண்கள்.

"இது யாரு?"

"உங்க பையன்தானேம்மா. ஜாகோ."

"எப்படிச் சொல்றீங்க?"

"வகிடு பக்கத்துல இருக்கே."

"வகிடு எடுத்தது யாரு?"

தட்டிக்குப் பின்னால் க்ராப்பின் மனைவி ஹெஸ்டர் இருமினாள். அவளுக்கு இருமல் நோய் எதுவும் கிடையாது.

க்ராப்புக்கு அந்த ஏப்ரல் மாதத்து மத்தியானம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததுதான் தொந்தரவே. திர்சா அப்போது அடுத்த குழந்தையைப் பெற்று வீட்டில் படுத்திருந்தாள். புருஷன் ஜேபஸ்தான் இரட்டைப் பிள்ளைகளைக் கூட்டிவந்தான். கூட்டிவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு வந்தான். ஆளுக்கொரு படம் என்று பேச்சு. ஹெஸ்டர் இரண்டு பேருக்கும் சர்க்கரைத் தண்ணீர் தடவிச் சுருள் பிடித்து, டாம்சினுக்கு நடுவிலும் ஜாகோவுக்குப் பக்கத்திலும் முறைப்படி வகிடு எடுத்தாள். ஆளுக்கொரு குங்குமப்பூ கேக்குத் துண்டு கொடுத்தாள். ஒன்றின் துண்டு பெரிது என்று மற்றது கண்டுபிடித்தது. இரண்டும் தரையில் உருண்டன. எழுந்தபோது வகிடும் இல்லை, சுருளும் இல்லை, கேக் மட்டும் தலையில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததற்கு எந்த முறையும் கிடையாது. ஒன்றை ஹெஸ்டர் வாசலில் வைத்துச் சமாதானப்படுத்துவாள். மற்றதற்கு க்ராப் கவுனை மாட்டி உட்கார வைப்பார். அது அழுதால் அதைக் கழற்றி, இதற்கு மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஈரச் சீப்பால் அவரே தலையை வாரினார். நாற்பது வருஷமாகத் தன் தலையை எப்படி வாரிக்கொண்டாரோ அப்படி. பக்க வகிடு. மற்ற மாதிரி அவர் கைக்குத் தெரியாது.

பிள்ளைகள் தனியாக உட்காராது. அப்பன் மடியில்தான் உட்காரும். அப்பன் படத்தில் தெரியக் கூடாது. ஆகவே ஜேபஸை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு கால் கம்பளத்தைப் போர்த்தி, அவனையே நாற்காலியாக ஆக்கிவிட்டார்கள். மத்தியானம் முழுக்க அவன் இருட்டில் உட்கார்ந்து, மடிக்கு வந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதிக்குமேல் பிள்ளைகள் அசைந்துவிட்டன. அசைந்த கண்ணாடித் தகட்டை க்ராப் எல்லாப் போட்டோக்காரர்களையும்போலச் சுரண்டிக் கழுவி, மறுபடி மருந்து பூசி, அடுத்ததற்கு வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு தகடுதான் தேறியது. அதிலும் பிள்ளை கண்ணை மூடியிருந்தது. காகிதத்தில் அச்சுப் போட்டபின், மெல்லிய தூரிகையால் க்ராப் இரண்டு கண் வரைந்தார். குழந்தைகளுக்கு அவர் எப்போதும் வரைகிற அதே கண்.

ஆக, கவுன் ஸ்டுடியோவுடையது. பூட்ஸ் ஸ்டுடியோவுடையது. வகிடு க்ராப்புடையது, கண் க்ராப்புடையது, மடி ஜேபஸுடையது. பிள்ளையின் சொந்தம் என்று மீதி இருந்தது ஒரு மூக்கு. நாலு வயதுப் பிள்ளையின் மூக்கைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை பேக்கரிக்காரர் மகனின் படத்தைக் கருமான் வீட்டுக்கும், கருமான் மகனின் படத்தைப் பேக்கரிக்கும் அவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு வீட்டிலும் அப்படியே தாத்தா ஜாடை என்றார்கள்.

படம் ட்ரெவின் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் வகிட்டைப் பார்த்தார்கள், ஜாகோ என்றார்கள், அலமாரிமேல் வைத்தார்கள். டாம்சினுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

"வகிடு நான்தான் எடுத்தேன்" என்றார் க்ராப்.

"ரெண்டு பேருக்கும் பக்கத்துலயா?"

"ஆமா."

"அப்ப இது டாம்சினாக்கூட இருக்கலாம்."

க்ராப் படத்தை எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். இந்த ஊரில் டாம்சினின் முகம் வேறெங்கும் கிடையாது. இருந்தால் இந்தச் சீட்டில் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை.

"டாம்சின்தாம்மா" என்றார். "இப்பப் பார்த்தா நல்லா தெரியுது. டாம்சின்தான்."

"இப்பதான் ஜாகோன்னீங்க."

"வெளிச்சம் சரியில்ல."

ஹெஸ்டர் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். "திர்சா, இவரு நல்ல மனுஷன். அதனால இவரு சொல்றத நம்பாதே."

"உனக்குத் தெரியுமா ஹெஸ்டர்?"

"நான் வாசல்ல இருந்தேன்டி. கையில ஒண்ணு இருந்துச்சு. எதுன்னு கேட்டா, கத்திக்கிட்டிருந்த ஒண்ணு. அவ்வளவுதான் தெரியும்."

திர்சா படத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். ஊரில் ஏற்கெனவே எல்லோரையும் கேட்டுவிட்டாளாம். தையற்காரி வகிட்டைப் பார்த்து ஜாகோ என்றாள். முடிவெட்டுகிறவர் வகிட்டைப் பார்த்து ஜாகோ என்றார். போதகர் முதலில் ஆண்டவருடைய சித்தம் என்றார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு வகிட்டைப் பார்த்து, ஜாகோ என்றார்.

"அவரு என்ன சொல்றாரு? மடியில வச்சிருந்தவரு?" என்று கேட்டார் க்ராப்.

"ஒண்ணு எட்டி உதைச்சுதாம். ஒண்ணு எச்சில் ஒழுக்குச்சாம். எது எதுன்னா, மாத்தி மாத்திங்கறாரு." அவள் வாசலுக்குப் போய்த் திரும்பினாள். "நாளைக்கு ஜாகோவக் கூட்டிட்டு வரேன். அதே கவுன், அதே நாற்காலி, அதே மாதிரி எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். ஒரே மாதிரி இருந்தா இது அவன். இல்லைன்னா அவ."

அந்தக் கவுனில் ஊரில் எந்தப் பிள்ளையை உட்கார வைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது க்ராப்புக்குத் தெரியும். அவர் தொழிலே அதுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"சரிம்மா" என்றார்.

அவள் போனபிறகு ஹெஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்துக்குங்க சரின்னீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது."

"நீ சொல்லியிருக்கலாமே."

ஹெஸ்டர் கவுனை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள்.

மறுநாள் பிற்பகல், காலை முறை வேலை முடிந்து ஜேபஸ் வந்தான். முகத்தைக் கழுத்துவரை கழுவியிருந்தான். கழுத்துக்குக் கீழே சுரங்கம் அப்படியே இருந்தது. அவனுக்குப் பின்னால் திர்சா. இருவருக்கும் முன்னால் ஜாகோ.

ஜாகோவைக் கண்டதும் க்ராப்புக்கு ஒரு கணம் ஆள் தெரியவில்லை. அவனுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. ஆனாலும் சாவு விழுந்த மறுவாரமே கால்சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அப்பனுடைய பழைய முரட்டுக் கால்சட்டையை வெட்டித் தைத்தது. நோய் பயத்தில் தலைமுடியையும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சுரங்க மேஸ்திரி மாதிரி ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தான்.

"பையில என்னடா வச்சிருக்கே?" என்றாள் ஹெஸ்டர்.

"கல்லு."

"தங்கமா?"

"கல்லுன்னு சொன்னேன்ல அத்தை."

கவுனைக் கண்டதும் அவன் இரண்டடி பின்னால் போனான். "நான் போட மாட்டேன். அது சின்னப் பசங்களுக்கு."

"ஒரே ஒரு தரம்டா ராஜா" என்றான் ஜேபஸ்.

"நான் ஆம்பளை ஆயிட்டேன்னு நீதானே சொன்னே?"

ஜேபஸ் பதிலைத் தேடுவது போல தன் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே இல்லை.

ஹெஸ்டர் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "ஜாகோ, இந்தக் கவுன யாரெல்லாம் போட்டிருக்காங்க தெரியுமா? பேங்க் மேனேஜர் மகன். போதகர் மகன். டாக்டர் பசங்க மூணு பேரும்."

"அழுதாங்களா?"

"அத்தனை பேரும்."

ஜாகோ யோசித்தான். "அப்ப நான் அழாம போடறேன்" என்று கைகளைத் தூக்கினான்.

கால்சட்டையை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே கழற்றி, மடித்து, கல்லோடு சேர்த்துச் சுவரோர முக்காலிமேல் வைத்தான்.

கவுன் பின்னால் ஊசி குத்தாமலே பொருந்தியது. நாலு மாதத்தில் வளர்ந்துவிட்டான். ஒட்ட வெட்டிய தலையோடு, அகலக் கழுத்துக் கவுனில், அவன் கவுனுக்குள் தவறி விழுந்த ஒரு சின்னச் சிறைக் கைதி போல இருந்தான். ஜேபஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதிவரை வந்து நின்றுவிட்டது.

"சுருள் இல்லையேம்மா. முடி இல்லாம எப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறது?" என்றார் க்ராப். தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தை மறைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"கொண்டுவந்திருக்கேன்" என்றாள் திர்சா.

கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள். பிரித்தாள். உள்ளே சுருள் சுருளாக முடி, கோதுமை நிறம். காய்ச்சலின்போது வெட்டியது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஜாகோவின் முடியை வெட்டியவர் அதைக் கூட்டித் தெருவில் போட்டதை ஹெஸ்டரே பார்த்திருக்கிறாள்.

ஹெஸ்டர் கை நீட்டினாள். திர்சா கொடுக்கவில்லை. தானே ஒவ்வொரு சுருளாக எடுத்து, ஒரு நாடாவில் கோத்து, அவன் காதுகளுக்கு மேலே ஊசியால் பொருத்தினாள். அவன் கழுத்தைச் சுருக்கினான்.

"கூசுதும்மா."

"கொஞ்சம் பொறு."

"இது டாம்சினோட முடி."

"ஆமா."

"அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

திர்சா சீப்பைத் தண்ணீரில் நனைத்தாள். படத்தில் இருந்த மாதிரியே இடதுபக்கத்தில் வைத்து வகிடு எடுக்கத் தொடங்கினாள். சீப்பு நெற்றியிலிருந்து கொஞ்ச தூரம் போய் நின்றது. அவள் சீப்பை எடுத்தாள். குட்டை முடியைக் கையால் கலைத்துவிட்டாள். பிறகு சீப்பின் நுனியை மூக்குக்கு நேராக, நடு நெற்றியில் வைத்து, மெதுவாக உச்சிவரை இழுத்தாள்.

பக்கத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று க்ராப் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பிடத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். நடுவில் எடுத்துவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லை. அறையில் இருந்த நாலு பெரியவர்களுக்கும் அது தெரிந்தது. க்ராப் காமிராவின் பித்தளை வளையத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

திர்சா இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

சுருள்களும் நடு வகிடும் கட்டம் போட்ட கவுனுமாக, டாம்சின் ட்ரெவின் ஸ்டுடியோ நடுவில் நின்று மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஜேபஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினான். சுவரில் விலைப்பட்டியல் இருந்தது. அதைப் படித்தான். ஜேபஸுக்குப் படிக்கத் தெரியாது.

"கம்பளத்தக் குடுங்க" என்றான். "நான் உக்காந்துக்கறேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஹெஸ்டர் கம்பளத்தைத் தலைவழியே போர்த்தி, முழங்காலுக்குக் கீழே மடித்துச் செருகினாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். கம்பளத்துக்குள்ளிருந்து இரண்டு கைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டன. கைமேல் கவுனின் மடிப்பை இழுத்துவிட்டாள். இப்போது அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை.

க்ராப் இருட்டறைக்குப் போய்த் தகட்டில் மருந்து பூசிக் கொண்டுவந்தார். ஈரம் காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் அங்கே தலைகீழாகத்தான் தெரியும், அவருக்குப் பழக்கம். பூச்சி அரித்த கிளிப் பொம்மையைக் குச்சியில் மாட்டி ஹெஸ்டர் ஆட்டத் தயாரானாள்.

"கிளி வேண்டாம் அத்தை" என்றான் ஜாகோ. "நான் சும்மாவே உக்காருவேன்."

"அசையக் கூடாதுடா."

"டாம்சின்தான் அசைவா. நான் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப நான் யாரு? அசையலாமா, கூடாதா?" என்று கேட்டான்.

எல்லோரும் திர்சாவைப் பார்த்தார்கள்.

"அசையாதே" என்றாள் திர்சா.

க்ராப் காமிராக் கண்ணின் மூடியைத் திறந்தார்; எண்ணி முடித்து மூடும்வரை யாரும் அசையக் கூடாது.

இருபது வருஷத் தொழிலில் ஒரு பிள்ளை இப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. கண் இமைக்கவில்லை. உதடு பிரியவில்லை. தலை அசையாமல் பிடிக்க, கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்விகூட வைக்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்து, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கண் வரைய வேண்டியதில்லை என்று க்ராப் நினைத்தார். வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.

அப்போது கவுனின் கட்டங்கள் நடுங்கின.

முதலில் கல்லிடிக்கும் இயந்திரம் என்று நினைத்தார். ஆனால் தரை அவ்வளவு நடுங்கவில்லை. நாற்காலிதான் நடுங்கியது. சத்தமே இல்லை. கம்பளம் மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. அதற்கு மேலே அந்தக் கல் போன்ற பிள்ளையும் போய்வந்தது. ஜாகோ தன் பக்கத்து வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். கண்ணைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், "அப்பா, அசையாதேப்பா" என்று பல்லுக்குள் சொன்னான்.

பிள்ளை அசைந்தால் கிளி உண்டு, கேக் உண்டு, கவ்வி உண்டு. நாற்காலி அழுதால் என்ன செய்வது என்று க்ராப்புக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூடியை உடனே போட்டிருக்கலாம். போடவில்லை. எண்ணி முடித்துத்தான் போட்டார்.

தகட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். பின்னாலேயே திர்சா வந்து கதவோரம் நின்றாள். வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது விதி. அவர் விதியைச் சொல்லவில்லை. மருந்தை ஊற்றினார், கழுவினார், தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்தார். கறுப்பின் மேல் வைத்தால்தான் உருவம் தெரியும்.

ஏரி துல்லியமாக வந்திருந்தது. மாளிகையில் ஒவ்வொரு ஜன்னலும் தெரிந்தது. கம்பளத்தின் கீழ் ஓரத்தில் இருந்த கிழிசல்கூடத் தெரிந்தது. நடுவில் கட்டமெல்லாம் கலைந்து, ஒரு கவுன் மேகம் போல இருந்தது. அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதில் கண் எது, வாய் எது என்று இல்லை.

"அசைஞ்சுடுச்சும்மா" என்றார். சுரண்டும் தகரத் துண்டை எடுத்தார். "கழுவிட்டு இன்னொண்ணு எடுத்துடலாம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நீங்க கழுவுனதெல்லாம்?"

"இப்படித்தாம்மா."

"அதுல டாம்சினும் இருந்திருப்பா."

"இருந்திருப்பா. ஜாகோவும் இருந்திருப்பான்." பிறகு, அவள் கேட்காமலே, "நல்லா வந்த படத்துல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கும் தெரியாது. கண்ணுகூட நான் வரைஞ்சதுதான்" என்றார்.

திர்சா தலையாட்டினாள். அது அவளுக்கு முன்பே தெரியும் போலத் தோன்றியது. ஒருவேளை ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கலாம். அவள் குனிந்து அந்த ஈரத் தகட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"இத நான் எடுத்துக்கறேன்."

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதான். அந்தப் படத்த யார்கிட்டக் காட்டினாலும் வகிட்டப் பார்த்துட்டு ஜாகோங்கறாங்க. இதப் பார்த்து ஜாகோன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது" என்றார் க்ராப். அந்த வாரம் முழுக்க அவர் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தகட்டை விளக்குச் சூட்டில் காட்டி, வார்னிஷ் ஊற்றினார். கெட்டுப்போன தகட்டுக்கு அவர் வார்னிஷ் ஊற்றியது அதுதான் முதல் தடவை. நல்ல தகட்டுக்கு எவ்வளவு கவனமாக ஊற்றுவாரோ அவ்வளவு கவனமாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார். பின்னால் கறுப்புத் துணி ஒட்டினார். வேறென்ன செய்யலாம் என்று தேடினார். ஒன்றும் இல்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வெளியே ஜேபஸ் கம்பளத்துக்குள்ளேயேதான் இருந்தான். ஹெஸ்டர் அதை எடுக்க முயலவில்லை. பக்கத்தில் நின்று, கம்பளத்தில் தோள் மாதிரித் தெரிந்த இடத்தில் ஒரு கையை வைத்திருந்தாள்.

ஜாகோ மடியிலிருந்து இறங்கி, கவுனோடும் சுருளோடும் குளிரில் நின்றான். அம்மாவைக் கண்டதும், "நான் அசையல. அப்பாதான்" என்றான்.

"தெரியும்டா."

"என் கால்சட்டை எங்கே?"

திர்சா தகட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவன் முன்னால் முழங்காலிட்டாள். ஊசிகளை எடுத்து, சுருள்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்தாள். கவுனைக் கைவழியே முன்பக்கமாகக் கழற்றினாள். அவன் ஒட்ட வெட்டிய தலையில் நடு வகிடு மட்டும் ஈரமாக, நேராக, அப்படியே நின்றது. அதைக் கலைக்க அவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அங்கேயே இருந்தது.

ஜாகோ குனிந்து கால்சட்டையை எடுத்தான். ஒரு காலை விட்டான், தடுமாறினான், மறு காலை விட்டான். மேலே இழுத்தான். பொத்தான் போட ஹெஸ்டர் வந்தபோது, "வேண்டாம் அத்தை, எனக்கே தெரியும்" என்றான்.

அவனுக்குத் தெரியாது. துவாரம் புதிது, பொத்தான் பெரிது. ஒன்றைப் போட்டால் மற்றது கழன்றது. கம்பளத்துக்குள் இருந்தவனும், முழங்காலிட்டிருந்தவளும், பொத்தான் போட வந்து நின்றவளும், இருட்டறை வாசலில் நின்றவரும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்த அந்த அறையில், அவன் பொத்தான் போட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.